கேமராவுக்கு வச்ச பொட்டு

அதைக் கீழ வச்சுருங்க சார். கையில எடுத்துட்டீங்கன்னா ஜபருல்லா பாய் அதையே மாட்டி விட்ருவாரு. அவரைக் குத்தம் சொல்லல, கடை வச்சிருக்கவரு விக்கத்தான் பாப்பாரு. நீங்க இப்படி வந்து உக்காருங்க. உங்க வண்டிய உள்ள விட இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். உள்ள நிக்குது பாருங்க வெள்ளை வண்டி, பின் பம்பரைக் கழட்டிப் போட்டிருக்காங்களே, அது என்னுது.

புது வண்டி போலருக்கு. சீட்டுல பாலித்தீன் கூட இன்னும் பிரிக்கல. டேஷ்கேம் மாட்டணும்னு வந்திருக்கீங்க, எதை வாங்குறதுன்னு தெரியாம ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. நானும் இதே எடத்துல இப்படித்தான் நின்னேன். ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி மூணு வாரம் படிச்சுட்டு வந்தேன். யூடியூப்ல தமிழ்ல பேசறவன், மலையாளத்துல பேசறவன், இந்தியில பேசறவன், ஒருத்தனையும் விடல. இந்தி எனக்குத் தெரியாது, அவன் கைய ஆட்டுறத வச்சே நல்லதா கெட்டதான்னு புரிஞ்சுக்கிட்டேன். அதனால சொல்றேன், இந்தத் திண்டுக்கல்லுல டேஷ்கேம் பத்தி என்னை விட்டா உங்களுக்கு ஒழுங்காச் சொல்ல ஆளில்ல.

பேட்டரி வச்சதை வாங்காதீங்க. நம்ம ஊரு வெயில்ல கண்ணாடிக்குப் பின்னால கெடந்து கெடந்து பேட்டரி உப்பிரும். கெப்பாசிட்டர் வச்சது இருக்கான்னு கேளுங்க. பாய் இல்லம்பாரு, அந்த மேல் தட்டுல ரெண்டாவது டப்பா, அதுதான். கார்டு சாதாக் கார்டு போடாதீங்க, இதுக்குன்னே தனியா வருது. சாதாக் கார்டு செத்துப்போகும், செத்துப்போனதே உங்களுக்குத் தெரியாது. என்னிக்கு வேணுமோ அன்னிக்குத்தான் தெரியும். அப்புறம் வண்டி நிக்கறப்பவும் கேமரா முழிச்சுக்கிட்டு இருக்கணும், அதுக்குத் தனியா ஒயர் இழுத்து ஃப்யூஸ் பாக்ஸ்ல குடுக்கணும். இன்னொண்ணு இருக்கு, மைக். வண்டிக்குள்ள பேசறதைப் பதிவு பண்றது. அதைக் கடைசியில சொல்றேன். அதுலதான் சார் நான் மோசம் போனேன்.

என் பேரு பூபாலன். பழனி ரோட்டுல பூபாலன் டிரைவிங் ஸ்கூல்னு போர்டு பாத்திருப்பீங்க. இருபத்தேழு வருசம். நாலாயிரம் பேருக்கு மேல ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன். காலேஜ் லெக்சரர், பாதிரியாரு, நகைக்கடைக்காரரு, எண்பது கிலோ உடம்பை வச்சுக்கிட்டு பிரேக்கை மிதிக்கப் பயந்த ஒரு ஏட்டு, எல்லாரும் என் கையில பழகினவங்க. என் ஸ்கூல் வண்டியில ஒரு கோடு பாக்க முடியாது. சொந்த வண்டியக் கேக்கவே வேணாம், அது வீட்டுலயே நிக்கும். நான் பைக்ல போயிட்டு பைக்ல வந்துருவேன். ஞாயித்துக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போறதோட சரி.

அப்படி வச்சிருந்த வண்டியில ஒரு நாள் கோடு. இடது பக்கம், பின் கதவுல, ஒரு சாண் நீளம். சரி, மாடு கீடு ஒரசியிருக்கும்னு விட்டேன். அடுத்த வாரம் அதுக்குக் கீழ இன்னொண்ணு. அதுக்கடுத்த வாரம் பம்பர் ஓரத்துல பெயின்ட் போயிருக்கு. என் வீட்டுச் சுவத்துக்கு வெளிய, என் எடத்துல நிக்கிற வண்டி சார். வயித்தெரிச்சல்.

எனக்குச் சந்தேகம் எதிர் வீட்டு மாணிக்கவாசகம் மேல. தபால் ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. உங்க வண்டி என் கேட்டுக்கு நேரா நிக்குதேன்னு எப்பவோ ஒரு தடவ சொன்னாரு. அதுலேருந்து அவர் மேல எனக்கு ஒரு கண்ணு. ஒரு நாள் காலையில பொறுக்க முடியல, தெருவுல நின்னு கேட்டுட்டேன். பென்சன் வாங்குற கையில ஆணிய வச்சுக்கிட்டா திரியறீங்கன்னு. தெருவே வந்து நிக்குது. அவரு என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால எங்க வீட்டு வாசலைப் பாத்தாரு. எங்க வீட்டம்மா அங்க நின்னுக்கிட்டிருந்தா. அப்புறம், இருக்கட்டும் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு. தப்புப் பண்ணாதவன் சும்மா போவானா, நீங்களே சொல்லுங்க.

பிடிச்சுக் காட்டணும்னுதான் கேமரா. அதுக்குத்தான் மூணு வாரப் படிப்பு. மைக் உள்ளதை ஏன் எடுத்தேன்னா, நாளைக்கு ரோட்டுல எவனாவது இடிச்சுட்டு நம்மளையே திட்டுவான், அந்தத் திட்டும் சாட்சியா இருக்கட்டும்னு. ஆயுத பூசைக்கு மொத நாள் இதே பாய்தான் மாட்டி விட்டாரு. எங்க வீட்டம்மா, தமயந்தின்னு பேரு, அது என்னங்க மூக்குக் கண்ணாடி மாதிரின்னு கேட்டா. அது வெளிய பாக்கும், தப்புப் பண்றவனைப் பிடிக்கும்னு சொன்னேன். மைக் பத்தி நான் சொல்லல. அவளுக்கு என்ன புரியப் போகுது.

மறு நாள் பூசை. எங்க தொழில்ல அதுதான் சார் பெரிய நாளு. பொட்டு வைக்கிறதை நான் யார்கிட்டயும் விடமாட்டேன். ஸ்டீயரிங்குக்கு ஒண்ணு, கியர் ராடுக்கு ஒண்ணு, குனிஞ்சு உள்ள போயி கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூணுக்கும் வைப்பேன். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி. அப்போ கேமரா? அதுவும் ஆயுதம்தானே. மூணு வாரம் பாத்துப் பாத்து வாங்கினது. கண்ணாடிக்கும் அதுக்கும் நடுவுல கைய விட்டு, நட்ட நடுவுல சந்தனத்தைக் கட்டை விரலால ஒரு அழுத்து, அதுக்கு மேல குங்குமம். கேமராவுக்கு நட்ட நடுவுல என்ன சார் இருக்கும்? கண்ணு இருக்கும். இது எனக்கு அன்னிக்குத் தோணல. சாமி கும்பிட்டு வச்ச பொட்டை நம்மளா தொடைக்கவும் மாட்டோம், தானா உதுரட்டும்னு விட்டுருவோம். டிரைவர் சீட்டுல உக்காந்தா கேமராவோட முதுகுதான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. பாயும் அன்னிக்குச் சிரிச்சாரு.

பத்து நாள் கழிச்சுப் புதுசா ஒரு கோடு விழுந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். கார்டை உருவிக்கிட்டு நேரா இங்க வந்தேன், அந்தா அந்தக் கம்ப்யூட்டர்லதான் போட்டோம். இது பூரா அழிஞ்சு அழிஞ்சு மேல மேல எழுதிக்கும். ஆனா வண்டி எங்கயாச்சும் இடிச்சோ உதறியோ ஒரு குலுங்கு குலுங்குனா, அந்த ரெண்டு நிமிசத்தை மட்டும் தனியாப் பூட்டு போட்டு வச்சுக்கும், அழியாது. அப்படி ஏழு இருந்துச்சு. பாய் மொத வீடியோவைத் திறந்தாரு. திரை பூரா ஆரஞ்சுக் கலர். ஓரத்துல ஒரு கீத்து வானம், கரண்டு கம்பி ஓடுது. கம்பி ஓடுதுன்னா என்ன அர்த்தம்? வண்டி ஓடுது சார். செவ்வாக்கிழமை, மத்தியானம் ரெண்டு முப்பத்தாறு. நான் அப்ப ஆர்.டி.ஓ. ஆபீசுல பசங்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நிக்கிறேன். செவ்வாயும் வியாழனும் நான் அங்கதான் இருப்பேன், ஊருக்கே தெரியும். வீட்டுல நிக்க வேண்டிய என் வண்டி ஓடுது.

படம்தான் இல்ல, சத்தம் கண்ணாடியா இருந்துச்சு. எஞ்சின் சத்தம். அப்புறம் வளையல் சத்தம். இருபத்திநாலு வருசமா நான் கேக்குற வளையல். அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். மெதுவா, பயப்படாதீங்க, நான் பக்கத்துல இருக்கேன்லன்னு சொல்லுது. இவ சிரிக்கிறா. அப்படி ஒரு சிரிப்பை நான் எங்க வீட்டுல கேட்டதே இல்ல சார்.

ஜபருல்லா பாய் எந்திரிச்சாரு. டீ சொல்லிட்டு வர்றேன்னாரு. கடை வாசல்லயே டீக்கடை, அவரு போயிட்டு வர இருபது நிமிசம் ஆச்சு. நல்ல மனுசன்.

தப்பா நினைக்கறீங்கல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, நாப்பத்தாறு வயசுல இவளுக்கு என்ன கேடுன்னு நினைச்சேன். உடம்பு பூரா வேர்த்துருச்சு. இங்க இந்தப் பக்கம் இறுக்கிப் பிடிச்சுச்சு. ஒண்ணுமில்ல, எனக்கு வாயுத் தொந்தரவு, மாத்திரை வச்சிருக்கேன் பையில, நாக்குக்கு அடியில வச்சா சரியாயிரும். வாயு மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கறதான்னு பாக்குறீங்களா? எங்க டாக்டர் அப்படித்தான் குடுத்தாரு, விடுங்க.

அடுத்து அந்த ஆம்பளைக் குரல் ஒண்ணு சொன்னுச்சு. கிளட்ச் கால்ல இல்லக்கா, காதுல இருக்கு, எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கன்னு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. அது என் வார்த்தை சார். இருபத்தேழு வருசமா மொத நாள் வகுப்புல நான் சொல்ற வார்த்தை. இந்த ஊர்ல அதை வேற ஒருத்தன்தான் சொல்லுவான். இருதயராஜ். லாரியில கிளீனரா இருந்தவனைக் கூட்டிட்டு வந்து, ஆறு வருசம் பக்கத்துல உக்கார வச்சு, வாத்தியாரா ஆக்கினேன். ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போயி ரயில்வே ஸ்டேசன் ரோட்டுல சொந்தமா ஸ்கூல் போட்டுட்டான். அதுலேருந்து அவன் வணக்கம் வச்சா நான் எச்சி துப்பறதுக்குத் திரும்பற மாதிரித் திரும்பிக்குவேன். என் பொண்டாட்டி அவன்கிட்டப் போயிக் கார் ஓட்டக் கத்துக்கிட்டிருக்கா. சார், நீங்க நினைச்ச மாதிரி ஏதாச்சும் இருந்திருந்தாக் கூட ஒரு மனுசன் தாங்கிக்கலாம். இதை எப்படித் தாங்குறது?

நாலாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்தவன் வீட்டுல ஏன் அவ வெளிய போயிக் கத்துக்கணும்னு கேப்பீங்க. நான் சொல்லிக் குடுக்காம இல்ல. யாரும் அப்படிச் சொல்லிறக் கூடாது. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ நத்தம் ரோட்டுல நாங்க ரெண்டு பேரும் போயிக்கிட்டிருந்தப்போ, உச்சி வெயிலு, எனக்கு இந்த வாயு பிடிச்சு வண்டிய ஓரங்கட்டிச் சாஞ்சுட்டேன். இவ எறங்கி ரோட்டுல நின்னு கைய ஆட்டுறா, ஒருத்தனும் நிறுத்தல. நாப்பது நிமிசம். கடைசியில மாங்கா ஏத்திட்டு வந்த லாரிக்காரர் ஒருத்தர் நிறுத்தி, லாரியக் கிளீனர்கிட்ட விட்டுட்டு எங்க வண்டிய அவரே ஓட்டிக்கிட்டு வந்து ஆஸ்பத்திரியில விட்டாரு. அவ்வளவுதான் நடந்தது. இவ அதைப் பெருசாக்கிட்டா. எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க, கத்துக் குடுங்கன்னு ஒரே பிடி.

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரேக்குனு சொன்னா ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறா. நான் சத்தம் போட்டேன். எல்லாருக்கும் போடுறதுதான். ஏட்டுக்கே போட்டிருக்கேன். உனக்கு அம்மிதான் லாயக்கு, எறங்குன்னேன். எறங்கிட்டா. அழுதா. அதோட முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அவ கேக்கவும் இல்ல. நான் அதைத் தொழிலுக்கு உபயோகப்படுத்திக்கிட்டேன். பயந்து நடுங்குற பொம்பளைங்க யாராச்சும் சேந்தா, கவலைப்படாதீங்கம்மா, என் பொண்டாட்டிய விட நீங்க எவ்வளவோ தேவலன்னு சொல்லுவேன். சிரிச்சுருவாங்க. பயம் போயிரும். இதுல என்ன சார் தப்பு?

அதுக்கு அவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? ரெண்டாவது வீடியோவுல இருக்கு. உங்க சாரு ஸ்கூல்ல என்னை வச்சுத்தான் எல்லாரையும் பாஸாக்குறாராம்னு இருதயராஜ்கிட்டச் சொல்றா. அவன் சிரிப்பை அடக்க முடியாம இருமுறான். மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லாதவ, எவன்கிட்டயோ உக்காந்து என்னை நக்கல் பண்றா.

கேமராவைப் பத்தியும் பேசியிருக்கா. இருதயராஜுக்குப் பயம், அக்கா, மேல கேமரா இருக்கேங்கறான். இவ சொல்றா, முன் கண்ணாடியத் தொடைக்கறப்போ பாத்தேன், அவரே பொட்டு வச்சு அதோட கண்ணை மூடிட்டாரு, மாரியாத்தாவே ஓட்டுடீன்னு சொல்ற மாதிரி இருந்துச்சுன்னு. வண்டியத் தொடைக்கறதெல்லாம் அவதான். அதுல கொறை சொல்ல முடியாது.

மூணாவதுல மாணிக்கவாசகம் வர்றாரு. வண்டியப் பின்னால எடுக்கறா, கேட் தூண்ல டமார். பிரேக்கு, எஞ்சின் நின்னு போச்சு. அவரு குரல் வெளியிலேருந்து கேக்குது. இடது பக்கம் கண்ணாடியப் பாக்கலியே தாயி. பரவால்ல, அழுவாத, நான்தான்னு நினைச்சுக்கட்டும்ங்கறாரு. பாத்தீங்களா? தெரு நடுவுல நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த மனுசன் வாயைத் தொறக்காம நின்னதுக்கு இதுதான் காரணம். தெருவே சேந்து என்னை முட்டாளாக்கியிருக்கு. நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களான்னு பாய் கேட்டாரு. நான் எதுக்குக் கேக்கணும்? மறைச்சது அவருதானே. ஆனா இப்பல்லாம் வண்டிய அவரு கேட்டுக்கு நேரா விடறதில்ல, தள்ளித்தான் விடறேன். அவளுக்குத் திருப்ப எடம் வேணும்ல.

இருங்க, இன்னும் முடியல. இவ லைசென்ஸே வாங்கிட்டா, அதுவும் அந்த வீடியோவுலதான் தெரிஞ்சுச்சு. போன ஆடி மாசம் எங்க டிரைவிங் ஸ்கூல் சங்கக் கூட்டத்துக்கு நான் சேலம் போயிருந்தேன். ஜில்லாப் பொறுப்புல இருக்கேன், போகாம இருக்க முடியாது. அன்னிக்குப் பாத்து நான் வாராவாரம் நிக்கிற அதே ஆர்.டி.ஓ. ஆபீசுல டெஸ்ட் குடுத்திருக்கா. மொத தடவையே பாஸ். மறு நாள் டீக்கடையில எல்லாப் பயலும் என்னைப் பாத்து ஒரு மாதிரிச் சிரிச்சானுங்க. சேலத்துல என்னை மறுபடியும் பொறுப்புல போட்டதுக்குத்தான் சந்தோசப்படறானுங்கன்னு நான் எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தேன் சார். வடை.

அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். சோறு போட்டா. வெண்டைக்காப் பொரியல். இன்னிக்கு டெஸ்ட்டுல எத்தனை பேர் பாஸுன்னு கேட்டா. எப்பவும் கேக்கறதுதான், ஆனா அன்னிக்கு எனக்கு உள்ள கொதிக்குது. ஒம்போது பேரு, ரெண்டு பேர் பெயிலுன்னேன். பெயிலானவங்களைத் திட்டாதீங்க, பாவம்னா. நான் தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு ரெண்டு வாரமாப் பாத்துக்கிட்டிருக்கேன்.

நடுவுல ஒரு செவ்வாக்கிழமை சாவிய எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும், எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மத்தியானம் டெஸ்ட்டை இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரியப் பூரா எறக்கி வச்சிருக்கா. அரிசி டப்பா, துணி, பழைய கல்யாணப் பத்திரிகை, எல்லாம் தரையில. நடுவுல உக்காந்திருக்கா.

"என்ன பண்ற?"

"பல்லி ஒண்ணு ஓடுச்சுங்க. தேடறேன்."

"கெடச்சுச்சா?"

"இல்ல."

தலைய நிமிரவே இல்ல. மைதானத்துல அன்னிக்கு எறங்கி நின்னப்போ இருந்த அதே மூஞ்சி. என்கிட்டப் பொய் சொல்றவளைப் பாத்து எனக்குக் கோவம் வந்திருக்கணும். எனக்குத் தண்ணி தாகமா இருக்குன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். சாயங்காலம் சாவிய ஆணியில மாட்டிட்டேன். மறு நாள் காலையில அவ ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல.

இப்ப அந்த மைக் விசயம். ஏழு வீடியோ சொன்னேன்ல, அதெல்லாம் இடிச்சதனாலயும் குலுங்குனதனாலயும் தானாப் பூட்டிக்கிட்டது. எட்டாவதா ஒண்ணு இருக்கு. அதுல இடி இல்ல, குலுங்கல இல்ல. வண்டி எங்கயோ நெழல்ல நிக்குது போல, இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டிருக்கு. அது அழிஞ்சு போயிரும்னு பாய்கிட்டச் சொல்லி என் போன்ல ஏத்தி வச்சுக்கிட்டேன். போட மாட்டேன், நான் சொல்றேன். எனக்கு மனப்பாடம்.

இருதயராஜ் கேக்குறான். அக்கா, சார்கிட்டயே சொல்லிறலாம்லக்கா, எனக்கு அவரு மொகத்தைப் பாக்க முடியலங்கறான். அதுக்கு இவ சொல்றா. அவருக்குப் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கால் நடுங்குது இருதயம். அவரு நல்லா இருக்கற வரைக்கும் அவரே ஓட்டட்டும், நான் எதுக்கு ஓட்டணும்? சட்டைப் பையில மாத்திரை வச்சிருக்காரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. சட்டைய யாரு தொவைக்கறா? அன்னிக்கு ரோட்டுல நாப்பது நிமிசம் நின்னேன். இன்னொரு தடவ அப்படி நிக்க மாட்டேன். அப்படி ஒரு நாள் வந்தா, அவரு என்னைத் திட்டத் தெம்பில்லாமக் கெடப்பாரு. அன்னிக்கு எனக்குக் கால் நடுங்காது.

அவ்வளவுதான். சரி, எடுக்கட்டுமான்னு கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டா. சுத்தமான எடுப்பு சார். ஒரு உதறல் இல்ல. என் ஸ்டூடன்ட்டுல கூட பத்துல ஒருத்தர்தான் அப்படி எடுப்பாங்க.

பாத்தீங்களா துரோகத்தை? மாத்திரை விசயம் மூணு வருசமாத் தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. துணி தொவைக்கறப்போ எடுத்து வச்சுட்டு, சட்டை காஞ்சு மடிச்சப்புறம் அதே பையில திருப்பி வச்சிருக்கா. நான்தான் ஒவ்வொரு தடவையும் மறக்காம எடுத்து வச்சேன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு நெஞ்சுதான்னு டாக்டர் என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப உங்ககிட்டச் சொல்லிட்டேன். பஸ்ல பாக்கற ஆள் மாதிரி, நீங்க யாரோ, நான் யாரோ.

என்ன பாய்? முடிஞ்சுச்சா? சென்சார் சத்தம் வருதா? இடது பக்கம் நல்லாக் கேக்கணும் பாய், இடது பக்கம் ரெண்டு போடச் சொன்னேன்ல. ஆமா சார், பின்னால எடுக்கறப்போ கத்துற சென்சார் போடறேன், பின்னால தெரியற கேமராவும் போடறேன். வண்டியில விழுந்த கோடு அத்தனையும் இடது பக்கந்தான். இடது கண்ணாடியப் பாக்க மாட்டேங்கறா. இருதயராஜ் அதைச் சொல்லிக் குடுக்கல. ஆறு வருசம் என்கிட்ட இருந்தும் அது அவனுக்கு வரல. கம்பெனியில சும்மா போட்டுக் குடுத்தாங்கன்னு வீட்டுல சொல்லிக்கலாம். வாட்டர் சர்வீசுக்குன்னு சொல்லித்தான் வண்டிய எடுத்துட்டு வந்தேன்.

என்ன கேட்டீங்க? நேராச் சொல்லிற வேண்டியதுதானேன்னா?

சொன்னா நிறுத்திருவா சார்.

எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னா அவளுக்குக் கால் நடுங்க ஆரம்பிச்சுரும். என் மூஞ்சி ஞாபகம் வந்துரும். அவ நிறுத்திருவா.

மணி என்ன? ஒண்ணே முக்காலா? இன்னிக்கு வியாழக்கிழமை. நான் ஆர்.டி.ஓ. ஆபீசுல இருக்கணும். ரெண்டே காலுக்குள்ள வண்டிய வீட்டுல விட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பிரணும். பாய், பம்பரை மாட்டுங்க சீக்கிரம்.

ஐயோ பாய், என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க? கேமராவை யாரு தொடைக்கச் சொன்னது? பளபளன்னு இருக்கு. நல்லதுக்குத்தான் பண்ணீங்க, தெரியும், இருந்தாலும் என்னைக் கேக்க வேணாமா. அவ முன் கண்ணாடியத் தொடைக்க வந்தா, மொத வேலையா இதைத்தான் பாப்பா.

சார், உங்க தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க. ஒரு சொட்டுப் போதும். பையில கோயில் பொட்டலம் இருக்கு, சந்தனமும் இருக்கு, குங்குமமும் இருக்கு. இது இல்ல, இது மாத்திரை. இந்தா இதுதான். கொஞ்சம் இந்தக் கதவைப் பிடிச்சுக்கங்க, நான் கைய உள்ள விடறேன். கெட்டியா வைக்கணும், இவ்வளவு நாளாச்சு, லேசா உதிர்ந்த மாதிரியும் இருக்கணும். சரியா மூடிருச்சா? நீங்க முன்னால போயிப் பாத்துச் சொல்லுங்க. கண்ணு தெரியுதா?

தெரியலல்ல. போதும்.

நீங்க அந்த மேல் தட்டு டப்பாவையே வாங்குங்க சார், கெப்பாசிட்டர் வச்சது. நல்ல கேமரா. இத்தனை பேரு சேந்து ஏமாத்துனதுல அது ஒண்ணுதான் என்னை ஏமாத்தல.